ஒரு தடவை அடித்தால் ஓடுகிறது

என் அண்ணிக்கு ஒரு பழக்கம் உண்டு. யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் அவர்களுடைய இடது கையைப் பிடித்து, முழங்கை மடிப்புக்குக் கொஞ்சம் கீழே இரண்டு விரலை வைத்துப் பார்ப்பாள். பேசிக்கொண்டே செய்வாள், செய்வது அவளுக்கே தெரியாது. வீட்டுக்கு வந்த இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஒருவர் ஒருமுறை வெலவெலத்துப் போய்விட்டார். “பயப்படாதீங்க, எங்க அண்ணி டயாலிசிஸ் டெக்னீஷியன்” என்று நான் சொன்ன பிறகு இன்னும் அதிகமாகப் பயந்தார்.

விஷயம் இதுதான். சிறுநீரகம் கைவிட்டவர்களுக்கு வாரத்தில் சில நாள் ரத்தத்தை வெளியே எடுத்து, மெஷினில் சுத்தம் செய்து, திரும்ப உள்ளே விடவேண்டும். அதற்கு வசதியாகக் கையில் ஓர் ஆபரேஷன் செய்து இரண்டு ரத்தக்குழாய்களை இணைத்துவிடுவார்கள். இணைத்த இடத்தில் ரத்தம் பாய்ந்துகொண்டே இருக்கும். அங்கே விரல் வைத்தால், ஓடுகிற ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் கை வைத்த மாதிரி ர்ர்ர் என்று ஓர் அதிர்வு தெரியும். அண்ணியும் அவளுடைய நோயாளிகளும் அதை ‘ஓடுது’ என்பார்கள். ஓடினால் ஊசி போடலாம். நின்றுவிட்டால் உள்ளே ரத்தம் கட்டிவிட்டது என்று பொருள். அன்றே பிடித்தால் கட்டியை எடுத்துத் திரும்ப ஓடவைக்க வாய்ப்பு உண்டு. தள்ளிப்போனால் அந்தக் கை அவ்வளவுதான்.

அண்ணி அப்போது நகரசபை ஆஸ்பத்திரியில் இருந்தாள். டயாலிசிஸ் அறை கட்டடத்தின் பின்பக்கம், துணி வெளுக்கிற இடத்தை ஒட்டி. மெஷின்களில் ஒன்று ஓடினால் ஒன்று படுத்துக்கொள்ளும். மொத்த அறைக்கும் டெக்னீஷியன் அவள் ஒருத்திதான். எந்த நாற்காலியில் யார், யாருக்கு எந்தப் பக்கம் ஊசி வலிக்கும், யார் திருட்டுத்தனமாகத் தண்ணீர் குடித்துவிட்டு வந்து எடை ஏறி நிற்கிறார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அத்தனை பேரையும் தினம் பார்க்க முடியாது என்பதால் அவளே ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினாள்.

“காலைல எந்திரிச்சதும் கையத் தொட்டுப் பாருங்க. ஓடுதுன்னா எனக்குப் போன்ல ஒரே ஒரு தடவை அடிச்சு உடனே வெச்சிடுங்க. நான் எடுக்க மாட்டேன், உங்களுக்குக் காசும் போகாது. நின்னுபோச்சுன்னா மட்டும் வைக்காதீங்க. நான் எடுக்கற வரைக்கும் அடிங்க.”

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பால் பொங்குவதற்கு முன்னால் அண்ணியின் போன் பொங்கும். அடுப்படியில் நின்றபடி, திரையில் பெயரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருப்பாள். டெய்லரக்கா ஓடுது. பேப்பர்காரர் ஓடுது. “இந்த வீட்டுல நான் ஓடறனான்னு யாராவது கேக்கறாங்களா?” என்பான் அண்ணன். நான் வீட்டோடு இருக்கும் நாத்தனார். குறை சொல்லாவிட்டால் அந்தப் பதவிக்கே கெட்ட பெயர் என்பதால் தூக்கம் போச்சு என்று நானும் என் பங்குக்குக் கத்துவேன். கடைசியாகக் கண்டக்டரின் மணி ஒரு தடவை அடித்து நிற்கும். அதன் பிறகுதான் அண்ணி தன் டீயைக் கையில் எடுப்பாள்.

கண்டக்டர் பஸ்ஸிலிருந்து ஓய்வு பெற்றவர். பஸ்தான் அவரிடமிருந்து ஓய்வு பெறவில்லை. முதல் நாளே அண்ணியிடம், “மெஷின ஓட்டற நீ டிரைவர், உட்கார்ந்து வர்ற நான் கண்டக்டர். நான் ரைட் குடுத்தாதான் நீ வண்டிய எடுக்கணும், தெரியுதா டிரைவரம்மா” என்று சொல்லிவிட்டாராம். அவள் கையில் விரல் வைத்ததும், “என்ன, இன்ஜின் ஸ்டார்ட்ல இருக்கா?” என்பார். இருக்கு என்றால், “ரைட், போலாம்.” ஊசி கொஞ்சம் இழுத்தால், “ஹோல்டான். ஸ்டாப்பிங் இல்லாத எடத்துல நிறுத்தற பாரு.” மெஷின் பீப் பீப் என்று கத்தினால், “யாரோ படிக்கட்டுல தொங்கறான், உள்ள வரச் சொல்லு.” வேறு யாரையும் தன் கையில் ஊசி போட விடமாட்டார். அண்ணிக்கு ஜுரம் என்றால் அன்றைக்கு அவருக்கு வலி அதிகம்.

இப்போது சம்பளத்துக்கு வருகிறேன். இந்தப் பேச்சை எடுத்தாலே எனக்கு ரத்தம் கொதிக்கும். நான் மின் அலுவலகத்தில் பில் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவள். எங்களிடம் ஆயிரம் கோளாறு உண்டு. ஆனால் கம்பம் ஏறுகிறவர் எந்தத் தெருக் கம்பத்தில் ஏறினாலும் ஒரே சம்பளம். ஆஸ்பத்திரியில் அப்படி இல்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. இதுவும் அரசாங்கம், அதுவும் அரசாங்கம். அதே படிப்பு, அதே சர்டிபிகேட், அதே கம்பெனி மெஷின், அதே ஊசி. அண்ணி வாங்கியது அங்கே அதே வேலை செய்கிறவர் வாங்குவதில் பாதியைக்கூடத் தொடவில்லை. கேட்டால், அது வேறு நிர்வாகம், இது வேறு நிர்வாகம் என்றார்கள். கிட்னிக்கு நிர்வாகம் தெரியுமா?

நகரசபை ஆஸ்பத்திரியில் ‘பாலம் தாண்டிட்டாங்க’ என்று ஒரு பேச்சு உண்டு. லேப்காரர் தாண்டினார், எக்ஸ்ரே தாண்டினார், நர்ஸ்கள் ஒவ்வொருவராகத் தாண்டினார்கள். யாரும் யாரையும் தப்பாக நினைப்பதில்லை. வழியனுப்புகிற நாளில் ஸ்வீட் வாங்கிக் கொடுத்து, அங்கே இன்னொரு இடம் காலியானால் சொல்லு என்று காதில் போடுவார்கள். அண்ணிக்கும் அங்கே வேலைக்கு ஆர்டர் வந்த அன்று வீட்டில் நாங்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். மழைக்கு ஒழுகுகிற கூரையைப் பார்த்து அண்ணன், “இன்னும் கொஞ்ச நாள்தான் உன் ஆட்டம்” என்று மிரட்டினான்.

அண்ணி மட்டும் கண்டக்டரிடம் எப்படிச் சொல்வது என்று தவித்தாள். அவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். “நல்ல கலெக்‌ஷன் உள்ள ரூட்டு கிடைச்சா எந்த டிரைவர்தான் போகமாட்டான்? போம்மா. என்ன மட்டும் டிப்போல விட்டுட்டுப் போற.” அவரையும் அங்கே மாற்றிக்கொள்ள முடியுமா என்று அண்ணி அலைந்து பார்த்தாள். எந்தப் பகுதியோ அந்த ஆஸ்பத்திரிதான் என்று சொல்லிவிட்டார்கள். அவளுடைய இடத்துக்கு யாரும் வரவில்லை. அந்தச் சம்பளத்துக்கு யார் வருவார்? பிரசவ வார்டிலிருந்து ஒரு நர்ஸை இழுத்து வந்து அந்த அறையில் நிறுத்தினார்கள். பாவம், நல்ல பெண். மெஷின் கத்தினால் அவளும் சேர்ந்து கத்துவாள். அதனால்தான் அண்ணி போகும்போது எல்லோரிடமும், “நான் அங்க போனாலும் காலைல எனக்கு அடிக்கறத விட்டுடாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

புது ஆஸ்பத்திரியில் தரை பளபளவென்று இருந்தது. ஆள் பஞ்சம் இல்லை. நோயாளிகளை நாற்காலி எண் சொல்லிக் கூப்பிட்டார்கள். விடிவதற்குள் ஷிப்ட் தொடங்கும். உள்ளே நுழையும்போதே போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். நல்ல விதிதான். நோயாளிக்கு ஊசி போடுகிறவள் கையில் போன் எதற்கு? மாலையில் லாக்கரைத் திறந்து, பஸ் நிறுத்தத்தில் நின்றபடி அண்ணி ஒவ்வொரு மிஸ்டு காலாகப் பார்ப்பாள். டெய்லரக்கா ஓடுது. பேப்பர்காரர் ஓடுது. கண்டக்டர் ஓடுது. பெயர் இருந்தால் ஓடுகிறது. அவள் கவலைப்பட்டதெல்லாம் யாருடைய பெயராவது இல்லாமல் போய்விடுமோ என்றுதான்.

ஒரு நாள் பழைய ஆஸ்பத்திரி நர்ஸ் அழுதுகொண்டே போன் செய்தாள். கண்டக்டர் இறந்துவிட்டார். தன் முறைக்கு அவர் வந்து உட்கார்ந்தபோதே கை நின்றுபோயிருந்ததாம். சர்ஜன் தொட்டுப் பார்த்து, இது நேற்று இன்று நின்றதில்லை, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றாராம். கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ் செய்தார்கள். குழாய் வழியாகக் கிருமி ஏறியது. ஜுரம் வந்தது, இறங்கவில்லை. அண்ணிக்குச் சொல்லவேண்டாம் என்று கண்டக்டரே தடுத்து, அவள் சந்தேகப்படாமல் இருக்கக் காலையில் ஒரு தடவை அடித்து வைப்பதையும் விடாமல் செய்திருக்கிறார்.

அண்ணி அழவில்லை. போனை எடுத்துக் கை நின்ற வாரத்தைத் தேடினாள். அவர் முறைக்கு வந்த நாளுக்கு முந்தைய இரண்டு நாளும் காலையில் கண்டக்டரின் மிஸ்டு கால் இருந்தது. இரண்டையும் அவள் பார்த்திருக்கிறாள். இரண்டு நாளும் பஸ் நிறுத்தத்தில் நின்று, ஓடுது என்று சொல்லிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்திருக்கிறாள்.

“ஒரு தடவை அடிச்சு வெச்சதா, முழுசா அடிச்சு ஓஞ்சதான்னு இதுல தெரியல” என்றாள் என்னிடம்.

நான் வாங்கிப் பார்த்தேன். தெரியவில்லைதான். மிஸ்டு கால் என்று மட்டும் போட்டிருந்தது. அவள் எடுக்காத மணி எதுவானாலும் அந்தப் போனுக்கு ஒன்றுதான். எத்தனையோ வருஷமாக நடந்த வழக்கத்தில் அப்படி ஓர் ஓட்டை இருப்பது யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் அத்தனை வருஷமும் போன் அவள் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது.

அன்றே வழக்கத்தை மாற்றினாள். மீதி இருந்தவர்கள் எல்லோரையும் கூப்பிட்டு, “இனிமே ஓடுதுன்னா அடிக்காதீங்க. நின்னா மட்டும் அடிங்க” என்றாள். போனை வீட்டிலேயே என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். நான் அலுவலகம் கிளம்ப நேரம் ஆகும். யாராவது அடித்தால் எடுத்து, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி, அவளுடைய வார்டுக்கும் தகவல் சொல்லவேண்டியது என் பொறுப்பு. காலைகள் அமைதியாகிவிட்டன. தூக்கம் போச்சு என்று கத்திக்கொண்டிருந்த எனக்கு, அந்த அமைதியில் தூக்கமே வரவில்லை. பால் பொங்குகிற சத்தம்கூடக் கேட்டது.

சில நாள் கழித்து, நான் தலை வாரிக்கொண்டிருந்தபோது போன் ஒரு தடவை அடித்து நின்றது. பதறிப்போய் எடுத்துப் பார்த்தேன். திரையில் ‘கண்டக்டர்’ என்று இருந்தது.

சீப்பு தலையிலேயே நின்றது. இறந்தவர் ஓடுகிறது என்று சொல்லிவிட்டு வைத்திருக்கிறார். நான் பயந்த சுபாவம் கிடையாது. பில் கட்டாதவன் கத்துகிற கத்தலுக்கே அசையாதவள். அன்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். மாலையில் சொன்னபோது, “பழசப் பார்த்திருப்ப” என்றாள் அண்ணி. அவளுக்கு விடுமுறையான நாளில் அவள் எதிரிலேயே அடித்தது. ஒரே மணி. அவள் கை போனை நோக்கிப் போய்ப் பாதியில் நின்றுவிட்டது.

பிறகு தினமும் அடித்தது, அவர் அடிக்கிற அதே நேரத்துக்கு. அவருடைய வீட்டம்மாதான் அடிக்கிறாள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன? அந்த மணி அடிக்கிறபோது வீட்டில் எல்லோரும் கையில் இருப்பதை அப்படியே வைத்துக்கொண்டு நிற்போம். அண்ணன் நம்பரை பிளாக் பண்ணச் சொன்னான். அண்ணி கேட்கவில்லை. திருப்பிக் கூப்பிடவும் இல்லை. ஃபிரிட்ஜ் ஓட ஆரம்பித்தால் அதன் பக்கவாட்டில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு நின்றுவிடுவாள். அது நிற்கிற வரைக்கும் நகரமாட்டாள். ராஜினாமா செய்துவிட்டுப் பழைய இடத்துக்கே போகிறேன் என்று ஒரு நாள் சொன்னாள். “போ, ஆனா நீ போனா அந்தக் கை ஓடுமா?” என்று அண்ணன் கேட்டான். கேட்டிருக்கக் கூடாது. அண்ணி மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

“எனக்கு ஒண்ணுதான் தெரியணும்” என்றாள் அண்ணி. “அவர் என்னைக் கூப்பிட்டாரா, இல்ல பழக்கத்துல கைய சரியாத் தொடாம ஒரு தடவை அடிச்சு வெச்சாரா. அவங்கள கேட்டா தெரிஞ்சுடும்.”

தனியாகப் போக அவளுக்குத் தைரியம் இல்லை. நானும் கூடப் போனேன்.

மாடியில் ஒரே அறை. கண்டக்டரின் விசில் ஆணியில் தொங்கியது. அதன் கீழே அவர் உட்கார்ந்த நாற்காலி. அதில் யாரும் உட்காராதபடி மடித்த போர்வை ஒன்றை வைத்திருந்தார்கள். வீட்டம்மா சின்ன உருவம். அண்ணியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“டிரைவரம்மாவா? உள்ள வாம்மா. இளைச்சுட்டியே.”

பக்கத்தில் உட்கார்ந்ததும் அண்ணியின் விரல்கள் அந்த அம்மாவின் இடது கைக்குப் போய்விட்டன. அம்மா சிரித்தார். “எனக்குக் கிட்னி நல்லாத்தான் இருக்கு. அவருக்கும் நீ இப்படித்தான் பார்ப்பேன்னு சொல்லுவாரு.” அண்ணி கையை இழுத்துக்கொண்டாள்.

“நான் காலைல அடிக்கறது தொந்தரவா இருக்கா?” என்று அவரே கேட்டார். “என்னங்க இது, அடிச்சு அடிச்சு வைக்கறீங்கன்னு அவர்கிட்ட கேட்டா, நல்லா இருக்கேன்னு டிரைவர்கிட்ட சொல்லிட்டேன்பாரு. இப்ப நல்லா இருக்கேன்னு சொல்ல எனக்கு யாரு இருக்கா? அதான் நானும் ஒரு தடவை அடிச்சு வைக்கறேன்.”

“தொந்தரவு இல்லம்மா. அடிங்க” என்றாள் அண்ணி. “ஒண்ணு கேக்கணும். கை நின்ன அன்னைக்குக் காலைல எனக்கு அடிச்சாரே. ஒரு தடவை அடிச்சு வெச்சாரா?”

“இல்லையே. அதுவா நிக்கற வரைக்கும் காதுல வெச்சிருந்தாரு. மறுநாளும் அப்படித்தான். சாயந்திரம் இன்னொரு தடவை அடிங்க, இல்லேன்னா ஆஸ்பத்திரிக்காவது போலாம்னு நான் சொன்னேன். கேட்டாரா? அங்க போனா அந்த நர்ஸ் பொண்ணு பயந்துடும்னாரு. ‘டிரைவருக்கு இப்பதான் நல்ல சம்பளத்துல ஒரு இடம் கிடைச்சிருக்கு, நான் சும்மா சும்மா அடிச்சுக் கெடுக்கறதா? வேலை முடிஞ்சு போனைப் பார்ப்பா. பார்த்தும் கூப்பிடலேன்னா பயப்பட ஒண்ணுமில்லேன்னு அர்த்தம்’னு சொல்லிட்டுப் படுத்துக்கிட்டாரு.”

அண்ணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மா அவளுடைய முதுகைத் தடவிக்கொடுத்தார்.

“விடும்மா. வேலை மும்முரத்துல நீ பார்த்திருக்க மாட்டே. பார்க்கலதானே?”

அதைவிடச் சுலபமான கேள்வி ஒன்றை யாரும் கேட்டிருக்க முடியாது. பார்க்கலேன்னு சொல்லித் தொலையேன் என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். அந்த அம்மாவும் அதைத்தான் கேட்க விரும்பினார்.

“பார்த்தேம்மா” என்றாள் அண்ணி. “ரெண்டு நாளும் பார்த்தேன். ஓடுதுன்னு நினைச்சுக்கிட்டேன்.”

முதுகில் இருந்த கை நின்றது. அம்மா எழுந்து, நாங்கள் தண்ணீர் குடித்த டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். இரண்டே டம்ளர், வெகுநேரம் கழுவினார். திரும்பி வந்து, “பஸ்ல கூட்டம் ஏறிடும், கிளம்புங்க” என்றார். கதவு வரைக்கும் வந்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை போன் அடிக்கவில்லை. அண்ணிக்கு விடுமுறை. அடுப்படியில் போனை எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் அடிக்கிற நேரம் வந்தது, போனது. பால் பொங்கி வழிந்தது, யாரும் எழுந்திருக்கவில்லை. அண்ணி போனை எடுத்து அந்த நம்பருக்கு அடித்தாள். முழுசாக அடித்து, அதுவாக நின்றது.

அந்த அம்மாவுக்கு ஒன்றும் இல்லை. இரண்டு வாரம் கழித்து என் கவுண்டருக்கே பில் கட்ட வந்தார். என்னைத் தெரிந்தது போலக் காட்டிக்கொள்ளவில்லை. ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மெதுவாகப் படி இறங்கிப் போனார். வீட்டில் வந்து சொன்னேன். “நல்லா நடந்து போனாங்களா? மூச்சு வாங்கலையே?” என்று மட்டும் அண்ணி கேட்டாள்.

இப்போது கூரை ஒழுகுவதில்லை. நகரசபை ஆஸ்பத்திரியில் அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. அந்தச் சம்பளத்தை யாரும் இன்னும் உயர்த்தவில்லை, நர்ஸ் பெண்ணும் பாலம் தாண்டிவிட்டாள். அண்ணி தினமும் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் அந்த நம்பருக்கு அடிக்கிறாள். முழுசாக அடித்து நிற்கிறது. என்னிடம் போனைக் கொடுத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொள்கிறாள்.

நேற்று அண்ணன் பொறுக்கமுடியாமல், ஆறுதலாகத்தான் சொன்னான். “இன்னும் எதுக்கு அடிச்சுக்கிட்டிருக்க? அவங்க எடுக்கலேன்னா நல்லா இருக்காங்கன்னுதானே அர்த்தம்.”

கண்டக்டரும் இதையே சொல்லிவிட்டுத்தான் படுத்துக்கொண்டார் என்பது அவனுக்குத் தெரியாது. அண்ணி அவனை ஏறிட்டுப் பார்த்தாள். கிட்டே போய் அவனுடைய இடது கையைப் பிடித்து, முழங்கை மடிப்புக்குக் கீழே இரண்டு விரலை வைத்துக்கொண்டு நின்றாள்.

“ஓடலை” என்றாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.